ஓமலூர் மைதானத்துக்கும் ஏற்காடு கோல்ஃப் திடலுக்கும் எந்தப் புல் விதை?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓமலூர் பக்கம் உங்கள் பள்ளிக்கு 4 ஏக்கர் மைதானம். கிரிக்கெட்டும் கால்பந்தும் அதிலேயே. ஏற்காட்டில் அறக்கட்டளைக்குச் சொந்தமான எஸ்டேட் ஓரத்தில் 3 க்ரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தளம்) வைத்து ஒரு சின்ன கோல்ஃப் பயிற்சித் திடல் போட வேண்டும் என்று கரஸ்பாண்டென்ட் ஆசைப்படுகிறார். ஒரு வியாபாரி ‘ஹைப்ரிட் பெர்முடா விதை’ தருகிறேன் என்கிறார். இன்னொருவர் கென்டக்கி ப்ளூ, ரை, ஃபெஸ்க்யூ மூன்றும் கலந்த வெளிநாட்டு மூட்டையைக் காட்டுகிறார். இரண்டில் எது, இரண்டு இடத்துக்கும் ஒரே விதை போதுமா என்பது நீங்கள் எழுதியது. ஆனால் படிக்கும்போது உங்களை உறுத்துவது வேறு என்று தோன்றியது. லட்சங்களைக் கொட்டி விதைத்த இடத்தில் இரண்டாவது கோடையில் செம்மண் தெரிந்தால், பழி பி.டி. மாஸ்டர் தலையில்தானே விழும்? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் தோட்டக்கலை படித்தவன். சேலம், நாமக்கல், ஏற்காடு பக்கம் பள்ளி, கல்லூரி மைதானங்களில் புல் போடுவதும் செத்த புல்லுக்குப் பிரேதப் பரிசோதனை செய்வதும் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. கோல்ஃப் க்ரீன் மட்டும் என் பொறுப்பில் போட்டவை இரண்டே. அந்தப் பகுதியில் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமான பதில்: இரண்டு மூட்டையையும் வாங்காதீர்கள். ஓமலூருக்கு அருகம்புல் குடும்பம்தான், அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அதை விதையாக வாங்குவதா, கொடியாக நடுவதா என்பதில்தான் யோசிக்க வேண்டும். ஏற்காட்டுக்கு வேறு கணக்கு.

வெளிநாட்டுக் கலவை மூட்டையை முதலில் முடித்துவிடுவோம். புற்களில் குளிர்நாட்டுப் புல், வெப்பநாட்டுப் புல் என்று இரண்டு சாதி. ரை, ஃபெஸ்க்யூ, கென்டக்கி ப்ளூ, கோல்ஃப் க்ரீனில் பேசப்படும் பென்ட் எல்லாம் முதல் சாதி. 15 முதல் 24 டிகிரி வரை அவற்றுக்குச் சுகம். அருகு, சோய்ஸியா, பாஸ்பாலம் எல்லாம் இரண்டாம் சாதி. 27 முதல் 35 டிகிரியில்தான் அவை குதித்து வளரும். சேலத்தில் பங்குனி, சித்திரையில் பகல் 38, 40 என்று போவதைவிடக் குளிர்நாட்டுப் புல்லைக் கொல்வது இரவுச் சூடு. பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவு வெக்கையில் மூச்சு விட்டே கரைத்துவிடும். வேர் நாளுக்கு நாள் குட்டையாகும். ஒரு நாள் தண்ணீர் தப்பினால் போதும், கதை முடிந்தது. தண்ணீரை அதிகம் விட்டால் பிழைக்கும் என்று நினைத்து ஊற்றினால் பூஞ்சணம் வந்து அழுகும்.

இதை ஏட்டில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்குக் கார்த்திகையில் ரை விதைத்தேன். ஐந்தாறு நாளில் முளைத்துவிட்டது. பொங்கலுக்குள் பச்சைக் கம்பளம். ஆண்டு விளையாட்டு விழாவுக்கு வந்தவர்கள் ‘இது சேலமா, சிம்லாவா’ என்று கேட்டார்கள். எனக்குச் சால்வைகூடப் போட்டார்கள். பங்குனி கடைசியில் வைக்கோல் நிறம், சித்திரையில் வெறும் மண். அந்தப் பள்ளித் தாளாளர் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. டெல்லி, சண்டிகர் பக்கம் பனிக்காலத்தில் அருகு காய்ந்து பழுப்பாகிவிடும். அந்த மூன்று மாதத்துக்காக மட்டும் மேலே ரை தூவுவார்கள். அந்த ஊர்க் கதையைத்தான் இங்கே விற்கப் பார்க்கிறார்கள். சேலத்தில் அருகு உறங்கும் அளவுக்குக் குளிர் என்றைக்குமே வருவதில்லை. மார்கழியில் வளர்ச்சி மந்தமாகும், அவ்வளவுதான்.

அடுத்து ‘ஹைப்ரிட் பெர்முடா விதை’. பெர்முடா என்பது நம் அருகுதான், பயந்துவிடாதீர்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே அதேதான். சர்வதேச மைதானங்களிலும் கோல்ஃப் திடல்களிலும் பேசப்படும் ஹைப்ரிட் என்பது, நம் அருகையும் தென்னாப்பிரிக்காவின் மெல்லிய அருகு இனம் ஒன்றையும் சேர்த்து உருவானது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி 1950-களிலும் 60-களிலும் வெளியிட்ட வரிசை அது. 1956-ல் டிஃப்கிரீன், 1960-ல் டிஃப்வே, 1965-ல் டிஃப்ட்வார்ஃப். டிஃப்வேயின் சோதனை எண் 419. நர்சரிக்காரர்கள் ‘ஃபோர் நைன்டீன்’ என்பது அதைத்தான். இவற்றின் தாய்க்கு 36 குரோமோசோம், தந்தைக்கு 18; பிள்ளைக்கு 27. ஒற்றைப்படைக் கூட்டம் என்பதால் ஒழுங்காகப் பிரிந்து விதை கட்டாது, மலடு. நாம் தின்னும் வாழையும் இதே மாதிரி மும்மடங்குச் சாதிதான். வாழைக்கு யாராவது விதை கேட்பார்களா? கன்றுதானே வைக்கிறோம். 419-க்கும் அதுவே நியாயம்: கொடியைப் பிடுங்கி நட வேண்டும், அல்லது பாயாக வெட்டிப் பதிக்க வேண்டும். ‘419 விதை’ என்று எவர் விற்றாலும் அது 419 இல்லை. இது உறுதி.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். இரண்டு நல்ல அருகு ரகங்களைத் தங்களுக்குள் கலந்து, விதையிலேயே வரும்படி செய்த ரகங்களும் உண்டு. அவற்றையும் சிலர் ஹைப்ரிட் என்று அழைப்பார்கள். பிரின்சஸ் 77, ரிவியேரா, யூகான் போன்றவை விதையில் கிடைக்கும் மேம்பட்ட ரகங்கள். ஆகவே உங்கள் வியாபாரி பொய் சொல்கிறார் என்று நான் எடுத்தவுடன் சொல்ல மாட்டேன். ரகத்தின் பெயரை எழுதிக் கேளுங்கள். பெயர் சொன்னால் மேலே பேசலாம். ‘இம்போர்ட்டட் ஹைப்ரிட், ஏ ஒன் குவாலிட்டி’ என்று மட்டும் பதில் வந்தால் அது பெரும்பாலும் பெயரில்லாச் சாதாரண அருகு விதை. அது கெட்ட புல் இல்லை. ஆனால் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணத்தோடு முளைப்பதால் மைதானம் திட்டுத்திட்டாக, ஒரு இடம் கரும்பச்சை, ஒரு இடம் வெளிர்பச்சை என்று இருக்கும். பிள்ளைகள் ஓடியாட அது ஒரு குறையே இல்லை. குறையாகத் தெரிவது ஹைப்ரிட் விலையைக் கொடுத்தவருக்குத்தான்.

இனி ஓமலூர். இங்கே உங்கள் முன்னால் மூன்று வழி: வயல் வரப்பில் கிடக்கும் நாட்டு அருகு, பெயருள்ள விதை ரகம், 419 கொடி. எது என்பதை முடிவு செய்வது உங்கள் புல்வெட்டும் மெஷின்தான். பல வருடம் இந்த வேலையைச் செய்த பிறகு நான் வந்து நிற்கும் இடம் இது. 419-ஐ 10 முதல் 15 மில்லிமீட்டர் உயரத்தில், வாரத்துக்கு மூன்று முறை, ரீல் மெஷினில் வெட்டினால்தான் அதன் அழகும் அடர்த்தியும் வரும். உருளையில் சுற்றும் கத்தி கத்தரிக்கோல் மாதிரி நறுக்குவதுதான் ரீல். பள்ளிகளில் சாதாரணமாக இருப்பது விசிறி போலச் சுற்றும் ரோட்டரி. அதை வைத்துக்கொண்டு பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் 419 அடியில் மெத்தை கட்டும். மேல் பச்சையை வெட்டியதும் உள்ளே பழுப்புத் தண்டு தெரியும். மைதானம் மொட்டை அடித்த மாதிரி ஆகும். உங்களிடம் ரீல் மெஷினும், அதற்குச் சாணை பிடிக்கத் தெரிந்த ஆளும், வாரம் மூன்று நாள் சம்பளமும் இருக்கிறது என்றால் 419. இல்லையென்றால் 25 மில்லிமீட்டரில் ரோட்டரியால் வெட்டுவதற்கு விதை ரகமோ நாட்டு அருகோ போதும். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று கல்யாணத்தில் வாழ்த்துவது சும்மா இல்லை. மேலே ஓடும் கொடி, மண்ணுக்குள் ஓடும் கொடி என இரண்டும் இருப்பதால், பூட்ஸ் ஆணி பிய்த்த இடத்தை மூன்று நான்கு வாரத்தில் தானே மூடிக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. இந்தத் தட்பவெப்பத்தில் அந்த வேகம் வேறு எந்தப் புல்லுக்கும் கிடையாது.

419 என்று முடிவானால் முழுப் பரப்புக்கும் பாய் வாங்க வேண்டியதில்லை. அதுதான் பணம் போகும் வழி. ஒரு சதுர மீட்டர் புல்லைப் பிரித்தால் பத்து சதுர மீட்டர் வரை நடலாம். ஆகவே தை மாதம் 4 சென்ட் அளவுக்கு நம்பகமான இடத்தில் வாங்கி, உங்கள் வளாகத்திலேயே ஒரு மூலையில் சுத்தமான மண்ணில் பதியுங்கள். சித்திரையில் அதைப் பிரித்து 40 சென்ட். ஆடியில் அந்த 40 சென்ட்டைப் பிரித்தால் 4 ஏக்கர். நெல் நாற்று நட்டுப் பழகிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தால், சாலுக்குச் சால் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு ஊன்றிக்கொண்டே போவார்கள். அவர்கள் கைக்கு ஈடு எந்த இயந்திரமும் இல்லை. நாட்டு அருகு என்றால் இன்னும் எளிது. கொடியை விரல் நீளத்துக்கு நறுக்கி, சாணமும் மண்ணும் கலந்த குழம்பில் புரட்டித் தரையில் பரப்பி, மேலே மெல்லிய மண் தூவி நனைத்துக்கொண்டே வந்தால் பற்றிக்கொள்ளும். எச்சரிக்கை ஒன்று: 419 நடப்போகும் நிலத்தில் ஏற்கெனவே நாட்டு அருகு இருந்தால், நடும் முன்பே அதை ஒழித்துவிட வேண்டும். நட்ட பிறகு ஒன்றை விட்டு இன்னொன்றைக் கொல்லும் மருந்து கிடையாது. கோடை உழவு செய்து கொடியைச் சித்திரை வெயிலில் காயவிட்டு, தண்ணீர் விட்டு முளைக்க வைத்து, மறுபடி உழுவது நல்ல வழி. பள்ளி வளாகம் என்பதால் களைக்கொல்லி தேவைப்பட்டால் உரிமம் உள்ளவரை வைத்து, விடுமுறையில் மட்டும் செய்யுங்கள்.

விதைதான் என்று முடிவானால் மூட்டைச் சீட்டைப் படிக்கப் பழகுங்கள். ரகத்தின் பெயர், தூய்மை விழுக்காடு, முளைப்பு விழுக்காடு, சோதனை செய்த தேதி நான்கும் இருக்க வேண்டும். இறக்குமதி விதை என்றால் பயிர்நலச் சான்று இல்லாமல் துறைமுகம் தாண்ட முடியாது. 2003-ம் ஆண்டு தாவரத் தடுப்புக்காப்பு ஆணை அதற்குத்தான். நகலைக் கேட்டால் தப்பில்லை. அருகு விதையில் உமி நீக்கியது, உமியோடு உள்ளது என இரண்டு. உமி நீக்கியது 7 முதல் 10 நாளில் முளைக்கும். உமியோடு உள்ளது இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அந்த மூன்று வாரமும் ஈரம் காயாமல் உங்களால் காக்க முடியுமா என்று யோசியுங்கள். பச்சை, நீல நிறப் பூச்சு பூசிய விதை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எடையில் பாதி பூச்சாகவே இருக்கலாம். 50 கிலோ மூட்டையில் விதை 25 கிலோ. முளைப்பு 85 விழுக்காடு என்றால் உயிருள்ளது 21 கிலோ. விலையை அந்த 21-ஆல் வகுத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 6 முதல் 8 கிராம் உயிருள்ள விதை போதும். 4 ஏக்கருக்குச் சுமார் 100 முதல் 130 கிலோ. அதைவிடக் கூடுதலாகத் தூவினால் நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நோஞ்சானாக நிற்கும். அருகு விதை கிலோவுக்கு 40 லட்சத்தைத் தொடும் அளவுக்குப் பொடி. ரை விதை 5 லட்சம்தான். அதனால் ரை விதைத்துப் பழகியவர் அதே கையளவில் அருகைத் தூவினால் வீண். மணலோடு கலந்து, பாதியைக் குறுக்கிலும் பாதியை நெடுக்கிலும் தூவச் சொல்லுங்கள். ஆழமாகப் புதைக்கக் கூடாது. அரை சென்டிமீட்டர் மண் மேலே இருந்தால் போதும், பிறகு லேசாக ரோலர். வாங்கும் முன் 100 விதையை எண்ணி ஈர உறிஞ்சுதாளில் வைத்துப் பத்து நாள் பாருங்கள். சீட்டில் போட்டிருக்கும் விழுக்காடு உண்மையா என்று உங்கள் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

காலம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஆடிப்பட்டம். நம் பக்கம் ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில்தான் மழை வலுக்கும். ஆனி கடைசி, ஆடி முதலில் விதைத்துத் தெளிப்பானில் முளைக்க வைத்தால், பெருமழை அடிக்கும்போது வேர் மண்ணைப் பிடித்திருக்கும். ஐப்பசியில் விதைத்த ஒரு மைதானத்தின் விதை முழுவதும் மழையில் அடித்துப்போய், பத்து நாள் கழித்துச் சாக்கடைக் கரையில் பச்சையாக முளைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்க் கணக்கை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் பச்சை மாறாமல் இருக்க நாளுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேண்டும். 4 ஏக்கர் என்பது ஏறக்குறைய 16,200 சதுர மீட்டர். ஆக 80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய ஏழு நடை, தினமும். உங்கள் போர்வெல் அதைத் தருமா? தராது என்றால் பதற வேண்டாம். அருகு தண்ணீர் இல்லாமல் பழுப்பாகும், சாகாது. கோடை மழை விழுந்ததும் திரும்பும். அதனால் கோடையில் கால்பந்து ஆடும் பகுதிக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீதியைக் காயவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். காய்ந்த இடத்தில் மட்டும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மேட்டூர் பக்கத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அணை பக்கத்தில் இருப்பது வேறு, குழாயில் வருவது வேறு.

தண்ணீரின் உப்பும் முக்கியம். மின்கடத்துத் திறன் என்று ஆய்வகச் சீட்டில் இருக்கும். மண்ணில் அது மீட்டருக்கு 7 டெசிசீமன்ஸை (dS/m) நெருங்கும்வரை அருகு பெரிதாகக் குறை சொல்லாது. தென்னையும் எலுமிச்சையும் முகம் சுளிக்கும் தண்ணீரிலும் அது வளரும். அதற்கு மேலும் உப்பு என்றால்தான் கடலோரப் புல்லான பாஸ்பாலம் பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் இந்த இடத்தில் மட்டும் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், தண்ணீர் இரண்டையும் கொடுத்துக் கேளுங்கள். மண் சோதனையை விடாதீர்கள், காரணம் உண்டு. ஓமலூர், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் ஓடும் பூமி. சுண்ணாம்புக் கரடு என்று பெயர் இருந்தாலும் அங்கே வெட்டி எடுத்தது மாக்னசைட். அந்த மண்ணில் மக்னீசியம் மிஞ்சி, கால்சியம் குறைந்து, கார நிலையும் ஏறியிருக்கும்; புல் என்ன உரம் போட்டாலும் வெளுத்தே நிற்கும். யூரியா போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டுவார்கள். அங்கே கேட்பது ஜிப்சமும், இலை வழியாக அன்னபேதியும் (இரும்புச் சத்து தரும் உப்பு). உங்கள் நிலம் அந்த ஓட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை மேலாகப் பார்த்துச் சொல்ல முடியாது.

மேல்மண் சரியில்லை என்று யாராவது ஏரி வண்டல் கொண்டுவந்து கொட்டச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். என் வாழ்க்கையில் நான் அதிகம் வருந்திய வேலை அது. ஒரு கல்லூரிக்கு அறுபது லோடு வண்டல் அடித்தோம், கரிசல் மாதிரி அருமையான மண். இருபதாம் நாள் முளைத்தது அருகு இல்லை, கோரை. ஒவ்வொரு கிழங்குக்கும் கீழே இன்னொரு கிழங்கு, மாலை கோத்த மாதிரி. இரண்டு வருடம் ஆள்விட்டுத் தோண்டியும் முழுதாகப் போகவில்லை. நெருஞ்சி இருந்தால் விதைக்கும் முன்பே, காய் முற்றுவதற்குள் பிடுங்கி எரித்துவிடுங்கள். காலணி இல்லாமல் ஓடும் பிள்ளைகள் உங்கள் பள்ளியிலும் இருப்பார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல் ஆஸ்திரேலியா போய் இந்தியாவுக்கு ஆடியதிலிருந்து ஓமலூர், தாரமங்கலம் பக்கம் எனக்கு வரும் விசாரிப்புகள் கூடிவிட்டன. எல்லோரும் பச்சைப் புல்லைத்தான் கேட்கிறார்கள், நெருஞ்சியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கிரிக்கெட் பிட்ச் தனி வேலை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குக் களிமண், தனி உருட்டல், தனி நீர்ப்பாய்ச்சல். மைதானத்தோடு சேர்த்து விதைத்துவிடாதீர்கள்.

நர்சரிகளில் கிடைக்கும் மற்றவற்றை ஒரு வரியில் முடிக்கிறேன். கொரியன் கிராஸ் கல்யாண மண்டப வாசலுக்கு அழகு. மிதிபட்டால் மீள்வதற்கு மாதக்கணக்காகும், விளையாட்டுக்கு வேண்டாம். அகல இலை எருமைப்புல் மரநிழலில் நிற்கும், பந்து உருளாது.

ஏற்காட்டுக்கு வருவோம். சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500-ஐத் தாண்டியது. எட்டு டிகிரி வரை குளிர்ச்சி வித்தியாசம். இதைக் கேட்டதும் ‘அப்படியானால் அங்கே வெளிநாட்டுக் கலவை வருமே’ என்று தோன்றும். ஓரளவு வரும் என்பது உண்மை. சேலத்தில் மாதிரி சித்திரையில் ஒரேயடியாகச் சாகாது. ஆனாலும் வருடம் முழுக்க அதை நம்பி நான் திடல் போட மாட்டேன். ஏற்காடு ஊட்டி இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அந்த எழுநூறு மீட்டர் வித்தியாசம் புல்லுக்குப் பெரிய வித்தியாசம். வைகாசி தொடங்கிக் கார்த்திகை வரை ஏற்காட்டில் இருப்பது மிதமான சூடும் விடாத ஈரமும். குளிர்நாட்டுப் புல்லின் பூஞ்சண நோய்கள் கேட்டு வாங்கி வரும் பருவநிலை அது. அருகுக்கோ அங்கே குளிர் பெரிய தடை இல்லை. தடை வெளிச்சம். அருகுக்கு நாளுக்கு ஆறேழு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் அடியிலோ, பனிமூட்டம் பதினொரு மணிவரை கலையாத பள்ளத்திலோ அது நீண்டு, மெலிந்து, பாசியிடம் தோற்றுவிடும். அதனால் புல்லைத் தேர்வு செய்யும் முன் இடத்தைத் தேர்வு செய்யுங்கள். கிழக்கும் தெற்கும் திறந்த சரிவு இருந்தால் அருகு. இல்லை என்றால் கோல்ஃப் ஆசையை மறுபரிசீலனை செய்வது நல்லது.

மலையில் இன்னொரு பெயரும் காதில் விழும்: கிக்கூயு. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலப் புல். நீலகிரியில் எங்கு பார்த்தாலும் கிடக்கிறதே அது. ஏற்காட்டிலும் செழிக்கும், மேகமூட்டத்தை அருகைவிடப் பொறுக்கும். க்ரீன் வரை பந்தை அடித்துக்கொண்டு போகும் நீளப் பகுதிக்கு நல்ல புல்தான். எனக்கு அதில் ஒரு பயம் உண்டு: அது எல்லை தெரியாத புல். பக்கத்தில் காப்பித் தோட்டம் இருந்தால் இரண்டு வருடத்தில் செடி அடியில் போய் உட்காரும், அப்புறம் அக்கம்பக்கத்து எஸ்டேட்காரரோடு உறவு கெடும். சுற்றிலும் கல் பதித்த வாய்க்கால் எல்லை கட்ட முடிந்தால் மட்டும் வையுங்கள். சேர்வராயன் மலை மண் புளிப்பு மண். காப்பிக்குச் சுண்ணாம்பு போடும் அதே கணக்கு புல்லுக்கும் பொருந்தும், எஸ்டேட் மேஸ்திரியைக் கேட்டாலே சொல்லுவார். விதைப்பதை ப்ளாசம் ஷவர் எனும் பூமழை முடிந்து, பெருமழை தொடங்கும் முன், சித்திரை கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் தென்னைநார் வலை விரித்து முளைக்குச்சி அடிக்காமல் விதைக்காதீர்கள். நிலத்தை இயந்திரத்தால் வெட்டிச் சமன் செய்வதற்கு மலைப்பகுதியில் முன் அனுமதி வேண்டும் என்பதையும் கரஸ்பாண்டென்ட் காதில் போட்டு வையுங்கள்.

க்ரீன் விஷயத்தில்தான் நான் உங்களோடு கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்டு இன்றுவரை திருத்திவரும் முறைப்படி, க்ரீன் என்பது அடியில் 10 சென்டிமீட்டர் ஜல்லி, மேலே 30 சென்டிமீட்டர் சலித்த மணல் கலவை. 300 சதுர மீட்டர் க்ரீன் ஒன்றுக்கு மணல் மட்டும் 90 கன மீட்டர், நம் கணக்கில் 32 யூனிட். 3 க்ரீனுக்கு 95 யூனிட்டுக்கு மேல், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். எம்-சாண்ட் என்றால் தூசி கழுவியதாக இருக்க வேண்டும். கிரஷர் தூசி கலந்தால் முதல் மழையிலேயே சிமென்ட் மாதிரி இறுகும். அதில் நட வேண்டியது டிஃப்ட்வார்ஃப் போன்ற குட்டை அருகு, கொடியாகத்தான். அதைத் தினமும் 4, 5 மில்லிமீட்டரில் வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, எதுவும் கிடையாது. மலை ஈரத்தில் இலைப்புள்ளி நோய்க்கு மருந்து தயாராக இருக்க வேண்டும். காட்டுப்பன்றி மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவைத் தேடி ஒரே இரவில் க்ரீனை உழுதுபோடும், வேலி இல்லாமல் முடியாது. பென்ட் புல் வைக்கலாமே என்று யாராவது சொன்னால், அதற்கு இதைவிட இரட்டிப்புக் கவனிப்பு என்று சொல்லுங்கள். என் யோசனை: வெயில் நன்றாக விழும் இடத்தில் உண்மையான க்ரீன் ஒன்று போடுங்கள், இரண்டாண்டு அதைக் காப்பாற்றிக் காட்டிய பிறகு அடுத்ததைப் பேசலாம். மற்ற இரண்டு இடத்தில் பந்து தட்டிப் பழகச் செயற்கைப் புல் போதும். இது என் கருத்துதான். தினசரி கோல்ஃப் திடலில் வேலை செய்யும் ஒருவர் மாற்றிச் சொன்னால் அவரையும் கேளுங்கள்.

ஆக, இரண்டு இடத்துக்கும் ஒரே விதை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பட்ஜெட் எழுதும்போது விதைக்கு எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். வெட்டுவதற்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு என்று இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நன்றாக வளரும் மாதங்களில் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து, அதாவது சுமார் 11 கிராம் யூரியா, கடுமையாக ஆடும் மைதானத்துக்குத் தேவை. கால்பந்துத் தளம் 105-க்கு 68 மீட்டர் என்றால் மாதம் 78 கிலோ யூரியா வரும். பள்ளி அளவு ஆட்டத்துக்கு அதில் பாதி போதும். விதைத்த அல்லது நட்ட நாளிலிருந்து மூன்று மாதம் ஒரு பிள்ளையும் உள்ளே ஓடக் கூடாது, பி.டி. மாஸ்டருக்கு இதைவிடக் கடினமான வேலை இருக்காது, எனக்குத் தெரியும்.

நாட்டு அருகு எங்கே வாங்குவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். தினமும் மிதிபட்டும் குடிநீர்க் குழாய் பக்கத்திலோ, பந்தல் கால் ஓரத்திலோ, அடர்த்தியாக, குட்டை இலையோடு நிற்கும் ஒரு திட்டு உங்கள் வளாகத்திலேயே இருக்கும். கோரைக்கிழங்கு இருக்கிறதா என்று ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். இல்லை என்றால் அதைப் பெயர்த்து ஒரு பாத்தியில் வைத்து, இந்த மாதமே பெருக்க ஆரம்பியுங்கள். மண் சோதனைச் சீட்டு வந்ததும் இங்கேயே எண்களை எழுதுங்கள். ஜிப்சம் அளவை அப்போது சொல்கிறேன்.